“நாங்க ஆர் அம்மா?” என்று கேட்கும் பிள்ளைக்குக் குடும்பக் கதையை எப்படி எழுதுவது?

புதிதாக வாசிப்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கேள்வியைச் சுருக்கி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் இருக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மம்மா மட்டக்களப்பு டவுனில் பிறந்த, போர்த்துக்கேய ஒல்லாந்த வழிவந்த பறங்கியப் பெண், தையல் தைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். அம்மப்பா வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைத் தமிழர். கணவரின் ஊர் காரைதீவு. அம்மப்பாவின் தாய்வழியில் எங்கோ ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்ததாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு; கேட்டால் பெரியவர்கள் கதையை மாற்றிவிடுகிறார்கள். தரம் 5 படிக்கும் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையக் கொடுத்த அன்று அவள் “நாங்க ஆர் அம்மா?” என்று கேட்டிருக்கிறாள். அன்று வாய் திறந்து சொல்ல முடியாமல் போன பதிலை ஒரு சிறுவர் நாவலாக எழுத நினைக்கிறார். தெரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பலாமா, சண்டைக் காலத்தைச் சேர்க்கலாமா, எந்தத் தமிழில் எழுதுவது என்று மூன்று கேள்விகள். மூன்றையும் இரண்டு நாள் மனதில் வைத்துப் பார்த்தேன். அவற்றுக்கு அடியில் நீங்கள் எழுதாத ஒரு கேள்வி கிடக்கிறது: எந்தப் பக்கத்துக்கும் முழுதாகச் சொந்தமில்லாத நான் இந்தக் கதையைச் சொல்லலாமா? நான் பதில் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மட்டக்களப்பில் ஆரம்ப வகுப்புகளுக்கு 27 வருடம் படிப்பித்தேன். அந்தக் காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியும் எழுதியும் வந்திருக்கிறேன். எங்கள் ஊரில் மாஸ்டர் சிவலிங்கம் குரலையும் உடம்பையும் வைத்துக் கதை சொல்வதைக் கண்டு வளர்ந்த தலைமுறை நான். பிள்ளைக்குக் கதை சொல்வது பெரிய வேலை என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல, பிள்ளைகளின் மனநோயைப் பார்க்கும் வைத்தியரும் அல்ல. வகுப்பறையில் கண்டதையும் எழுதி அழித்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

மகளின் கேள்விக்கு நாவலின் கடைசிப் பக்கத்தில் ஒரு விடை எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். “நாங்கள் எல்லாரும் ஒன்றுதான்” என்று முடியும் கதையைப் பிள்ளைகள் மரியாதைக்குக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். அவள் கேட்டதற்குப் பின்னால் ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. அந்தச் சிக்கலையே கதைக்குள் வையுங்கள்.

சிக்கல் இதுதான். கிழக்குக் கரையில் குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியாக வரும். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. தமிழ் ஊர்களிலும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களிலும் இந்த வழக்கம் உண்டு. கோயிலில் இன்ன குடிக்கு இன்ன திருவிழா என்றும், பள்ளிவாசலில் இன்ன குடிக்கு ஒரு மரைக்காயர் (நிர்வாகத்தில் குடியின் பிரதிநிதி) என்றும் அதை வைத்துத்தான் உரிமைகள் வந்தன. வீடும் மகளுக்குத்தான் போகும். கலியாணம் கட்டிய ஆண் மனைவி வீட்டுக்கு வருவார். 1876 இல் பிரித்தானியர் கொண்டுவந்த சட்டத்தோடு இங்குள்ள முக்குவர் சமூகத்தின் சொத்துரிமைச் சட்டம் நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. என்றாலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் எந்தத் தகப்பனுக்கு இங்கே நித்திரை வருகிறது? பறங்கியர் குடும்பங்களில் வழி வேறு. அங்கே குடும்பப் பெயர் தகப்பன் வழியாக வரும், பறங்கியர் என்ற கணக்கும் தகப்பன் வழியாகவே பார்க்கப்படும்.

இப்போது உங்கள் அம்மாவை நடுவில் வைத்துப் பாருங்கள். அவருடைய தாய் பறங்கி. ஆகவே தாய்வழிக் குடி இல்லை. அவருடைய தகப்பன் தமிழர். ஆகவே பறங்கியப் பெயர் இல்லை. தகப்பனுக்கு ஒரு குடி இருந்தது, அது அவருடைய அக்கா தங்கச்சிமாரின் பிள்ளைகளுக்குப் போனது. தாய்க்கு ஒரு குடும்பப் பெயர் இருந்தது, அது அவருடைய அண்ணன் தம்பிமாரின் பிள்ளைகளுக்குப் போனது. உங்கள் அம்மாவுக்கு இரண்டும் வரவில்லை. ஆணும் பெண்ணும் இடம் மாறியிருந்தால், அதாவது பறங்கியத் தகப்பனும் தமிழ்த் தாயும் என்றிருந்தால், இரண்டுமே வந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்குமா என்று யோசிக்க வேண்டாம். பிள்ளைகள் அநியாயத்தை எங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள். இரண்டு பக்கமும் பந்தி வைக்கிற வீட்டில் இரண்டு பக்கமும் தட்டுக் கிடைக்காத பிள்ளை என்று தொடங்கினால் அவர்கள் மூச்சு விடாமல் கேட்பார்கள். குடியை எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் வேறு. டவுனில் குறைவு, படுவான்கரையில் கூட. உங்கள் அம்மப்பாவின் ஊரில் அம்மாவை எப்படி ஏற்றார்கள் என்பதை விசாரித்துத்தான் எழுத வேண்டும். அங்கே அவருக்கு மனம் நிறைந்த வரவேற்புக் கிடைத்திருக்கவும் கூடும்.

அடுத்தது, பல பண்பாடு என்பதைக் காட்ட நீங்கள் தூரம் போகத் தேவையில்லை. உங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு மேசையில் பாண் வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். கதிரை, மேசை, பாண், அதைத் துடைக்கிற துவாய், பக்கத்தில் நிற்கிற அலுமாரி, திறந்து கிடக்கிற யன்னல், பின்னாலிருக்கிற குசினி எல்லாம் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த பெயர்கள். அப்பா கந்தோருக்குப் போகிறார், அம்மா போஞ்சி நறுக்குகிறா என்றால் அவை ஒல்லாந்தர் விட்டுப் போனவை. தொதல் மலாய்க்காரரோடு வந்தது. நான் எழுதிக்கொண்டிருக்கிற ‘பதில்’ என்ற சொல்கூட அரபு வழியில் வந்ததுதான். இதை நாவலில் பாடமாக நடத்திவிடாதீர்கள். வீட்டில் “இன்றைக்கு முழுக்க வெளியாலிருந்து வந்த சொல் ஒன்றும் பேசக்கூடாது” என்று இரண்டு பிள்ளைகள் பந்தயம் பிடிக்கட்டும். பசித்த பிறகு பாணுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கட்டும். இதை நான் தரம் 4 பிள்ளைகளோடு வகுப்பில் விளையாடியிருக்கிறேன். மதிய மணி அடிப்பதற்குள் எல்லாரும் தோற்றுப்போனார்கள். அன்று மாலை ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாமான்களுக்கெல்லாம் ஒட்டிவிட என்று துண்டுக் கடுதாசி கேட்டு வாங்கிக்கொண்டு போனது.

லாச்சி என்ற சொல்லும் ஒல்லாந்தர் தந்ததுதான். அம்மம்மாவின் தையல் மெசின் இன்னும் வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கதை அந்த மெசினின் லாச்சிக்குள்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அந்தக் கால மிதி மெசின்களின் லாச்சியில் என்ன கிடக்கும் என்று எனக்குத் தெரியும்: துருப்பிடித்த ஊசி ஒட்டிக்கொண்ட கறுப்புத் துணித்துண்டு, சோக்குக்கட்டி, ஒற்றையாக மிஞ்சிய பொத்தான்கள், நுனி பிய்ந்த அளவு நாடா, எண்ணெய் மணம். தைக்கிற பெண்கள் வாடிக்கையாளரின் அளவை எழுதிவைக்கும் ஒரு கொப்பியும் அநேகமாக இருக்கும். உங்கள் வீட்டில் அது கிடைக்காவிட்டாலும் கதையில் அதை உண்டாக்குங்கள். இது நீங்கள் தாராளமாகச் செய்யக்கூடிய கற்பனை. ஒரு பக்கத்தில் கழுத்து, நெஞ்சு, கை நீளம். ஒரு முஸ்லிம் காக்காவின் சேர்ட், ஒரு பிள்ளையின் முதல் நன்மை உடுப்பு, வயல்கள் நிறைய உள்ள ஒரு போடியாரின் மகளுக்குச் சட்டை, ஒரு சிங்களப் பொலிஸ்காரரின் காற்சட்டை. சின்னப் பிள்ளை ஒருத்தி அதை வாசித்து இவர்கள் யார் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போகிறாள். அத்தியாயத்துக்கு ஒரு அளவு. நான் படிப்பித்த காலத்தில் ஒரு பாடவேளை 40 நிமிடம். சத்தமாக வாசித்தால் ஒரு அத்தியாயம் அதற்குள் முடிந்து, பிள்ளைகள் கதைக்கப் பத்து நிமிடம் மிஞ்ச வேண்டும். இதை மட்டும் நான் கணக்குப் பார்த்துத்தான் எழுதுவேன்.

இனி, எது உறுதி எது ஐமிச்சம் என்ற விசயம். கற்பனைக் கதைக்கு இது ஏன் என்று கேட்கலாம். பிள்ளை நீங்கள் எழுதுவதை அப்படியே நம்பும்; பத்து வருடம் கழித்து எங்காவது சரிபார்த்து, நீங்கள் பிழையாகச் சொன்னதைக் கண்டால், சரியாகச் சொன்னதையும் சேர்த்து விட்டுவிடும். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இவை உறுதி. பத்தே வருடம்! அப்படியிருக்கப் போர்த்துக்கேய மொழி உங்கள் அம்மம்மாவின் வாய்வரை வந்தது எப்படி? ஒல்லாந்தர் காலத்திலும் இந்தத் தீவின் கரையோர வீடுகளில் பேச்சு மொழியாகக் கலப்புப் போர்த்துக்கேயமே ஓடிக்கொண்டிருந்தது, ஒல்லாந்த ஆண்கள் கட்டிய பெண்களும் அதைத்தான் பேசினார்கள். அதனால்தான் மட்டக்களப்பில் ஒல்லாந்தக் குடும்பப் பெயரோடும் போர்த்துக்கேயப் பேச்சோடும் கத்தோலிக்க வேதத்தோடும் வாழும் குடும்பங்களைக் காண்கிறோம். தச்சு, இரும்பு வேலை, துவக்குத் திருத்தம், தையல் என்று கைத்தொழிலால் ஊருக்கு வேண்டியவர்களாக இருந்தார்கள். அந்த மொழி இன்றும் சிலரிடம் உயிரோடு இருக்கிறது. டச்பாரில் கடலோரம் குடியிருந்த பறங்கியக் குடும்பங்களில் பலரை 2004 டிசம்பர் 26 சுனாமி கொண்டுபோனது. அந்த மொழியைக் கேட்டு வளர்ந்த வீடுகள் சில அன்றோடு இல்லாமல் போயின. உங்கள் அம்மம்மாவின் உறவில் யாராவது அங்கே இருந்தார்களா என்று மெதுவாகக் கேளுங்கள்.

முஸ்லிம் உறவு பற்றிய பேச்சு வேறு வகை. முக்குவர் முஸ்லிம்களின் துணையோடு திமிலர் என்ற இன்னொரு சமூகத்தைத் துரத்தினார்கள், அந்த உதவிக்காகப் பெண் கொடுத்தார்கள், துரத்தி வந்து களைப்பாறிய இடம்தான் வந்தாறுமூலை என்று இரண்டு சமூகத்திலும் கதை சொல்வார்கள். இது வாய்வழிக் கதை. நடந்த வரலாறாக எழுதக்கூடாது. ஒரு மூத்தப்பா தாவாரத்தில் இருந்து சொல்லும் கதையாக எழுதினால் அது அழகு, பிழையும் அல்ல. இரண்டு சமூகத்திலும் தாய்வழிக் குடி இருப்பது கண்ணால் காணக்கூடியது. அது உங்கள் குடும்பத்துக்கு நடந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. வீட்டுப் பேச்சை வீட்டுப் பேச்சாகவே வையுங்கள். நாவலில் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பாதி கேட்கிறாள். பெரியவர்கள் அவளைக் கண்டதும் நிறுத்துகிறார்கள். மீதி அவளுக்குக் கடைசிவரை தெரிய வருவதில்லை. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விட்டால் கதை குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து கேட்பது அந்த இடத்தைப் பற்றித்தான். “டீச்சர், அவங்க சொல்ல வந்தது என்ன?” என்று கேட்டுவிட்டு அவர்களே நான்கு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள்.

அப்படியானால் எதைக் கற்பனை செய்யலாம்? பேச்சு, மனதில் ஓடியது, ஒரு நாள் முழுக்க நடந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளை, தொலைந்த பொத்தான், நாய், சண்டை, சமாதானம் எல்லாம் உங்கள் கையில். ஊர்ப் பொது நிகழ்வுகளில் கை வைக்காதீர்கள். சூறாவளியை உங்கள் அத்தியாயத்துக்கு வசதியாக ஒரு வருடம் முன்னுக்குக் கொண்டுவரக் கூடாது. உயிரோடிருக்கிற ஒருவர் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய குறையைக் கற்பனையாகச் சேர்க்கக் கூடாது. அந்த இடத்தில் ஊரை மாற்றுங்கள், ஆளை மாற்றுங்கள். புத்தகத்தின் கடைசியில் பிள்ளைகளுக்கே ஒரு பக்கம் எழுதி, இதில் மெசின் உண்மை, கொப்பி நான் உண்டாக்கியது என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு அவர்கள் ஏமாந்துபோவதில்லை. தாங்களும் இப்படிச் செய்யலாம் என்று அடுத்த நாளே கொப்பியோடு வந்து நிற்பார்கள்.

பெரியவர்களிடம் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. “எந்த வருசம்?” என்று கேட்டால் ஒன்றும் வராது. எங்கள் சனங்களின் நாட்காட்டி வேறு: 1957 வெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 90 ஆம் ஆண்டுப் பிரச்சினை, சுனாமி. என் பெத்தாவிடம், அதாவது பாட்டியிடம், ஒருமுறை எங்கள் மாமாமார் பிறந்த வருடங்களைக் கேட்டுக் களைத்துப்போய், “வெள்ளம் வந்தண்டு உங்கட இடுப்பில எந்தப் பிள்ளை இருந்த?” என்று கேட்டேன். அவ கண்ணை மூடிக்கொண்டு இடது கையைத் தன் இடுப்பில் வளைத்தா. பிள்ளையின் பாரத்தை அந்தக் கை ஞாபகம் வைத்திருந்தது போல. “சின்னவன். மூத்தவன் முந்தானையப் புடிச்சிக்கு நிண்டான். மறுகா அவன் கைய உட்டுட்டான்” என்று சொல்லி நிறுத்தினா. எங்களுக்கு மூத்த மாமா ஒருவர் இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நான் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இப்படி வரக்கூடும் என்று தெரிந்துகொண்டே கேளுங்கள். வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

“கலியாணம் கட்டி ஆர்ர வீட்டுக்குப் போனீங்க?” என்ற கேள்வியை மறக்க வேண்டாம். உங்கள் அம்மப்பா படுவான்கரையிலிருந்து ஆற்றைக் கடந்து டவுனுக்கு வந்து பறங்கியத் தெருவில் மனைவி வீட்டில் இருந்தாரா, அல்லது அம்மம்மா அங்கே போனாரா என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கும்வரை அங்கே பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆற்றைக் கடக்கிற மிதவை என்பது வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு வரியில் காட்டிவிடுங்கள். பதிவுகளுக்கு, கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பங்குத் தந்தையிடம் கேட்டுப் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழில் தாய் தகப்பன் இருவரின் இனத்துக்கும் இடம் உண்டு. உங்கள் அம்மாவின் சான்றிதழில் அந்த இரண்டு இடத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று மகளோடு சேர்ந்து வாசியுங்கள்.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும், நீங்களும் அதில் விழக்கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு தமிழ்ப் பிள்ளையையும் பக்கத்து வீட்டு உம்மாவையும் வைத்து ஒரு கதை எழுதினேன். ஒற்றுமையை எழுதிவிட்டேன் என்ற நிறைவோடு, என்னோடு படிப்பித்த ஏறாவூர்த் தோழி ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். மறுநாள் இடைவேளையில் கொண்டுவந்து தந்தா. “நல்லாத்தான் எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா இந்த உம்மா கதையில அஞ்சு தரம் வாறா. அஞ்சு தரமும் வட்டிலப்பத்தோடதான் வாறா. இவ ஒரு நாளாவது கோபப்பட மாட்டாவா? இவட புள்ளைக்குக் காய்ச்சல் வராதா?” எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. அவ சொன்னது முழு உண்மை. என் கதையில் அந்த உம்மா என் பிள்ளைக்கு நல்லவவாக இருப்பதற்கென்றே பிறந்தவவாக இருந்தா. திரும்ப எழுதியபோது அவவுக்கு ஒரு ஆடு கொடுத்தேன், அடகில் கிடக்கிற ஒரு சங்கிலி கொடுத்தேன், மற்றவர்கள் வேலியால் எட்டிப் பார்த்தால் வருகிற கோபத்தைக் கொடுத்தேன். வட்டிலப்பம் ஒரே ஒரு தரம் வந்தது, அதுவும் அடிப்பிடித்து. பிள்ளைகளுக்கு அந்த உம்மாவைத்தான் பிடித்தது. உங்கள் அம்மம்மா விசயத்தில் இந்த ஆபத்து இன்னும் கூட. பறங்கியர் என்றதும் வயலின், பைலா, நத்தார் கேக் என்று கை தானாக எழுதும். கலியாண வீட்டில் அவர்கள் கப்ரிஞ்ஞா நடனம் ஆடுவது உண்மை, அழகு. ஒரு அத்தியாயத்தில் ஆடட்டும். மற்ற நாட்களில் அவர் கூலி தராத வாடிக்கையாளரிடம் வாதாடட்டும், கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் பேத்தியைக் கூப்பிடட்டும். ‘பறங்கி’ என்று தெருவில் யாரோ இழித்துக் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்காத மாதிரி நடந்த நாள் அவருக்கு இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு அந்தச் சமூகத்தில் ஒருவரிடமும், முஸ்லிம் வாசகி ஒருவரிடமும் அச்சுக்குப் போகுமுன் கொடுங்கள். மனம் நோகாமல் இருக்கப் பாராட்டுபவரிடம் கொடுக்க வேண்டாம்.

சண்டைக் காலம். சேருங்கள் என்றுதான் சொல்வேன். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டதும் இந்த மண்ணில் நடந்தவை. இரண்டு சமூகத்தின் கதை என்று சொல்லிக்கொண்டு அதை விட்டால், அந்தக் காலத்தில் உறவு இழந்த வீட்டுப் பிள்ளை உங்கள் புத்தகத்தை நம்பாது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டாலும் நம்பாது. ஆனால் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதும்போது இரத்தம் காட்டத் தேவையில்லை. அந்த வயதில் அவர்கள் இழப்பை அறிவது வராமல் போனவர்கள் மூலமாகத்தான். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடவை மூட்டை கட்டி வாரத்துக்கு ஒருமுறை வருகிற காக்கா ஒருவர் அம்மம்மாவுக்குச் சீத்தைத் துணி கொண்டுவருகிறார் என்று வையுங்கள். மூட்டையை அவிழ்க்கும் முன் பிள்ளைக்கு ஒரு துண்டு கிழித்துத் தருவார், பொம்மைக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை மணிச்சத்தம் கேட்கவில்லை. அடுத்த செவ்வாயும் இல்லை. பிள்ளை கேட்கிறாள், அம்மம்மா பதில் சொல்லாமல் மெசினை மிதிக்கிறா, ஊசியில் நூல் இல்லாமலே. இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன். அவர் திரும்பி வந்தாரா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஆறுதலுக்காக மட்டும் கொண்டுவராதீர்கள். அப்படியான பகுதியை வாசிக்கையில் ஒரு பிள்ளை ஒடுங்கிப்போவதைக் கண்டால், தனியே கூப்பிட்டுக் கேட்டு, தேவைப்பட்டால் பாடசாலை ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ அனுப்ப வேண்டும். கதை செய்ய முடியாத வேலை அது.

மொழிக்கு வருகிறேன். கதை சொல்வது எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும், ஆட்கள் பேசுவது எங்கள் பேச்சில் இருக்கட்டும். மறுகா, கிறுகி, ஒண்ணா, என்னகா, வாகா எல்லாம் வரட்டும். என் கதை ஒன்றை அச்சிட எடுத்தவர்கள் ‘மறுகா’ வந்த இடமெல்லாம் ‘பிறகு’ என்று மாற்றிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பிழையான தமிழ் பழகிவிடுமாம். அச்சில் வந்ததை வகுப்பில் வாசித்தபோது, முதல் எழுத்துப்படியைக் கேட்டிருந்த ஒரு பிள்ளை, “டீச்சர், இதில பெத்தா வேற ஆரோ மாதிரிக் கதைக்கிறா” என்றது. அன்றிலிருந்து நான் அந்தச் சொற்களை விட்டுக்கொடுப்பதில்லை. முஸ்லிம் பாத்திரங்களின் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டாமல் எழுத வேண்டாம். பறங்கிய மொழி வசனங்களைக் கேள்வி ஞானத்தில் ஒருபோதும் எழுத வேண்டாம். பேசுகிற ஒருவர் வாயால் கேட்டு நாலு வரி எழுதினால் போதும். கேட்கக் கிடைக்காவிட்டால், அம்மம்மாவும் தங்கையும் பிள்ளைகளுக்கு விளங்கக்கூடாத விசயத்தை அந்த மொழியில் கதைக்கிறார்கள், பிள்ளைக்குத் தன் பெயர் மட்டும் நடுவில் கேட்கிறது என்று எழுதுங்கள். அந்தப் பிள்ளை நீங்களாகவே இருந்திருப்பீர்கள்.

உரிமை பற்றிக் கடைசியாக. இரண்டு பக்கமும் தட்டுக் கிடைக்காத அந்த இடத்தில் நின்று பார்த்தவர் உங்கள் அம்மா. அவரிடமிருந்து அது உங்களுக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து தெரிவதை வேறு யாரும் எழுத முடியாது. ஆனால் அம்மாவின் வாழ்வைச் சொல்ல அம்மாவிடம் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் ஒரு சம்பவம் இருந்தால், அது எவ்வளவு நல்ல அத்தியாயமாக வரும் என்று தோன்றினாலும் விட்டுவிடுங்கள்.

அம்மம்மாவின் தங்கை மட்டக்களப்பில் இன்னும் இருக்கிறார் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எழுதத் தொடங்கும் முன் அவரிடம் போங்கள், இந்த மாதமே. மெசினின் லாச்சியை அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். காலை நேரம் நல்லது, வயதானவர்களுக்குப் பின்னேரம் களைப்பாக இருக்கும். கேள்வி கேட்க வேண்டாம். மகள் ஒவ்வொரு சாமானாக எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைக்கட்டும். போனில் ஒலிப்பதிவு செய்வதானால் முதலே கேட்டுவிடுங்கள். அவர் வாயிலிருந்து வரும் அந்த மொழிச் சொற்களை, எழுத்துப் பிழைத்தாலும் பரவாயில்லை, மகள் தன் கையால் கொப்பியில் எழுதட்டும்.